75 நாள் முற்றுகை... 233 பேர் மீண்டது எப்படி? இந்திய ராணுவத்தின் ‘ஆபரேஷன் குக்ரி’ - முழு விவரம்

தேனியில் இருந்து கம்பம், கூடலூர் போக பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போதும். ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ அதே தூரத்தில் இருந்த சக வீரர்களிடம் போய்ச் சேர 2000ஆம் ஆண்டு இந்திய வீரர்கள் 75 நாள் காத்திருந்தார்கள். நடுவில் இருந்தது காடு, சேறு, துப்பாக்கி ஏந்திய கிளர்ச்சிப் படை.

இந்திய வீரர்கள் அங்கே ஏன் போனார்கள்?

மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் 1991 முதல் உள்நாட்டுப் போர். வைரச் சுரங்கங்களைக் கைப்பற்றி, அந்தப் பணத்தில் ஆயுதம் வாங்கியது ஆர்.யு.எஃப். என்ற கிளர்ச்சிப் படை. 1999இல் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதைக் கண்காணிக்கப் போன ஐ.நா. அமைதிப்படையில் இந்தியாவும் இருந்தது. படைக்குத் தலைமை, இந்தியாவின் மேஜர் ஜெனரல் விஜய் குமார் ஜெட்லி.

சிக்கியது எப்படி?

ஆயுதங்களை ஒப்படைக்கும் விவகாரத்தில் 2000 மே மாதம் மோதல் வெடித்தது. பல நாடுகளைச் சேர்ந்த சுமார் 500 அமைதிப்படையினரை ஆர்.யு.எஃப். பிடித்து வைத்தது. பெரும்பாலானவர்கள் பேச்சுவார்த்தையில் விடுவிக்கப்பட்டார்கள். ஆனால் கிழக்கு எல்லையில் உள்ள கைலாஹுனில் 222 இந்திய வீரர்களும் 11 ராணுவப் பார்வையாளர்களும் மாட்டிக்கொண்டார்கள். 5/8 கூர்க்கா ரைஃபிள்ஸின் இரண்டு கம்பெனிகள் அங்கே இருந்தன. ‘ஆயுதத்தைக் கொடுத்துட்டுப் போங்க’ என்பது கிளர்ச்சியாளர்களின் நிபந்தனை. வீரர்கள் மறுத்துவிட்டார்கள். முகாமைச் சுற்றி முற்றுகை. உள்ளே உணவு குறைந்துகொண்டே வந்தது.

மீட்பு நடந்தது எப்படி?

பேச்சுவார்த்தை பலன் தராததால், ஜூலை 15 அதிகாலையில் தொடங்கியது ‘ஆபரேஷன் குக்ரி’. கூர்க்கா வீரர்களின் வளைந்த கத்திக்குத்தான் குக்ரி என்று பெயர்.

* பிரிட்டனின் சினூக் ஹெலிகாப்டர்கள் இந்தியாவின் 2 பாரா கமாண்டோக்களை கைலாஹுன் அருகே இறக்கின. பார்வையாளர்களையும் உடல்நலம் குன்றியவர்களையும் ஏற்றிக்கொண்டு திரும்பின.
* முகாமில் இருந்த கூர்க்காக்கள் முற்றுகையை உடைத்து, சாலை வழியே சண்டை போட்டபடி வெளியேறினார்கள்.
* தாரு தளத்தில் இருந்து கிளம்பிய இன்னொரு படை, வழியில் உள்ள பெண்டெம்புவைக் கைப்பற்றியது. 18 கிரெனேடியர்ஸ் வீரர்களும் களத்தில் இருந்தார்கள்.
* மேலே இருந்து எம்.ஐ.-35 தாக்குதல் ஹெலிகாப்டர்கள் பாதுகாப்பு கொடுத்தன.

ஜூலையில் மேகமலையில் சாரலும் மூடுபனியும் இருக்குமே, சியரா லியோனில் அது கொட்டும் மழைக்காலம். ஹெலிகாப்டர் பறப்பதே சிரமம், மண் சாலையில் வண்டி நகர்வது அதைவிடச் சிரமம். இரண்டு படைகளும் பெண்டெம்புவில் சந்தித்தன. மறுநாள் ஒரு பகுதியினர் ஹெலிகாப்டரிலும் மற்றவர்கள் சாலை வழியாகவும் தாருவுக்குத் திரும்பினார்கள்.

முற்றுகையில் இருந்த 233 பேரும் உயிரோடு மீண்டார்கள். அதற்கு விலையாக ஒரு உயிர் போனது. அவர் ஹவில்தார் கிருஷன் குமார். வேறு சில வீரர்கள் காயமடைந்தார்கள்.

இவர்கள் போர்க் கைதிகளா?

சட்டப்படி இல்லை. 1949ஆம் ஆண்டின் மூன்றாவது ஜெனீவா ஒப்பந்தம் போர்க் கைதிகளைப் பாதுகாக்கிறது. அது போரிடும் தரப்புகளின் வீரர்களுக்கானது. அமைதிப்படை எந்தத் தரப்பும் கிடையாது. அதனால் அவர்களைத் தாக்குவதும் பணயமாகப் பிடிப்பதும் போர்க்குற்றம்.

இது ஏட்டளவில் நிற்கவில்லை. சியரா லியோனுக்கான சிறப்பு நீதிமன்றம், அமைதிப்படை மீதான தாக்குதல்களுக்காகவும் சேர்த்து ஆர்.யு.எஃப். தலைவர்கள் மூவரை 2009இல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. இஸ்ஸா செசேவுக்கு 52 ஆண்டுகள், மோரிஸ் கல்லோனுக்கு 40 ஆண்டுகள், அகஸ்டின் கபாவோவுக்கு 25 ஆண்டுகள் சிறைத் தண்டனை.

போர் 2002 ஜனவரியில் முடிவுக்கு வந்தது. கார்கில் போர் முடிந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரத்தில் நடந்த மீட்பு இது. கார்கில் தெரிந்த அளவுக்கு கைலாஹுன் நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால் அந்த 233 பேரின் வீடுகளில், ஜூலை 15 சாதாரண தேதி இல்லை.