திரையில் திறக்கும் கடை

தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் குற்றாலத்தில் சீசன் களைகட்டிவிடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மூன்று மாத வருமானத்தை நம்பி ஆண்டு முழுவதையும் ஓட்டும் குடும்பங்கள் எங்கள் தென்காசி மாவட்டத்தில் ஏராளம். விடுதி நடத்துபவர், வேன் ஓட்டுபவர், மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்பவர், நேந்திரம் சிப்ஸ் பொரிப்பவர் என்று பலருடைய பிள்ளைகள் நம் வகுப்பறைகளில்தான் அமர்ந்திருக்கிறார்கள். முன்பெல்லாம் வெளியூர்க்காரர்கள் பேருந்தை விட்டு இறங்கி, பெயர்ப்பலகை பார்த்து, படியேறி விசாரிப்பார்கள். இப்போது வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே கைப்பேசியில் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள்.

ஆகவே ஒரு தொழிலுக்கான இணையதளம் எப்படி இருக்க வேண்டும் என்பது கணினி ஆசிரியருக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல. மொழி, கணக்கு, சமூக அறிவியல் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. வகுப்பில் மாணவர்களோடு பேசியும் செய்தும் பார்த்ததில் எனக்குத் தெளிவானவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதல் திரை சொல்ல வேண்டியது

கடைப் பலகையைப் பார்த்ததும் அது மளிகைக் கடையா, மருந்துக் கடையா என்று தெரிந்துவிடும். இணையதளத்தின் முதல் திரையும் அப்படித்தான். என்ன கிடைக்கும், எங்கே கிடைக்கும், எப்படித் தொடர்புகொள்வது ஆகிய மூன்றையும் விரலால் தள்ளாமலே பார்க்க முடிய வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பில், வீட்டில் பலகாரம் செய்து விற்கும் ஒருவருக்கு இணையப் பக்கம் எழுதச் சொன்னேன். பெரும்பாலான குழுக்கள் ‘அன்புடன் வரவேற்கிறோம்’ என்று தொடங்கி, பாரம்பரியம், சுவை, தரம் என்று ஒரு பத்தி நிரப்பின. ஒரு குழு மட்டும் இப்படி எழுதியது: ‘கை முறுக்கு, அதிரசம். குறைந்தது ஒரு கிலோ. இரண்டு நாள் முன்பு சொல்ல வேண்டும். தென்காசி நகருக்குள் வீட்டுக்கே வரும்.’ எந்தக் கடையில் வாங்குவீர்கள் என்று கேட்டபோது வகுப்பே இரண்டாவதைக் காட்டியது. வாங்குபவரின் மனத்தில் எழும் கேள்விக்குப் பதில் சொல்வதே நல்ல உள்ளடக்கம்.

இன்றைய நிலவரம்

அருவியில் நீர்வரத்து அதிகரித்தால் குளிக்கத் தடை விதிக்கப்படும். 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் ஏற்பட்ட திடீர் வெள்ளத்தில் பள்ளி மாணவர் ஒருவர் உயிரிழந்ததை நாம் அறிவோம். இப்படிப்பட்ட ஊரில் ஒரு விடுதியின் தளம் ‘எந்நாளும் அருவிக் குளியல்’ என்று எழுதிவைத்தால் அது அலங்காரச் சொல் அல்ல, தவறான தகவல். ‘தடை இருக்கும் நாளில் குளிக்க இயலாது, அன்றைய நிலவரத்தைக் கேட்டுவிட்டு வாருங்கள்’ என்று எழுதும் விடுதியை மக்கள் நம்புவார்கள். விலை, நேரம், தொலைபேசி எண் போன்றவை மாறினால் அன்றே திருத்தப்பட வேண்டும். கடைசியாகத் திருத்திய தேதியையும் பக்கத்தில் காட்டலாம்.

வேகம் ஒரு கணக்குப் பாடம்

இணையப் பயன்பாட்டை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன், 1993-இல் வெளிவந்த தம் நூலில் காத்திருப்புக்கு எல்லைகளைக் குறிப்பிட்டார். ஒரு நொடிக்குள் பதில் வந்தால் நம் எண்ண ஓட்டம் தடைபடாது. பத்து நொடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும்.

இதை மாணவர்கள் தாங்களே கணக்கிடலாம். கைப்பேசியில் எடுத்த படம் ஒன்று 4 மெகாபைட் என்று கொள்வோம். பத்துப் படங்கள் 40 மெகாபைட், அதாவது 320 மெகாபிட். நொடிக்கு 2 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் அவை வந்து சேர 160 நொடி ஆகும். அதே படங்களை ஒவ்வொன்றும் 150 கிலோபைட்டாகச் சுருக்கினால் மொத்தம் 1.5 மெகாபைட், 6 நொடி போதும். மலையடிவாரத்தில் சிக்னல் குறைந்த இடத்தில் நிற்பவருக்கு இந்த வேறுபாடு பெரிது.

எல்லோரும் படிக்கும்படி

பலர் தமிழ் விளம்பரத்தைப் படமாக்கி அப்படியே தளத்தில் ஒட்டிவிடுகிறார்கள். கண்ணுக்கு அழகாக இருக்கும். ஆனால் பார்வைத்திறன் குறைந்தோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் மென்பொருளுக்கு அது வெறும் படம். தேடுபொறியும் எழுத்தைப் போல அதை எளிதில் கண்டுகொள்வதில்லை. யுனிகோடில் தட்டச்சு செய்த தமிழ் எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும், தேடவும் கிடைக்கும். படங்களுக்கும் ‘ஐந்தருவி செல்லும் சாலையிலிருந்து விடுதி முகப்பு’ என்பதுபோல் ஒரு வரி விளக்கம் சேர்க்க வேண்டும்.

நிறத்துக்கும் அளவு உண்டு. உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் அணுகல் வழிகாட்டு நெறிகள், சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்கின்றன. வெள்ளைத்தாளில் கறுப்பு எழுத்து 21:1. வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து இந்தத் தேர்வில் தோற்றுவிடும். கரும்பலகையில் எந்தச் சுண்ணக்கட்டி கடைசி பெஞ்சுக்குத் தெரியும் என்று அறிந்த நமக்கு இது புதிதல்ல.

நம்பிக்கையின் அடையாளங்கள்

முழு முகவரி, வரி உட்பட விலை, பதிவை ரத்து செய்தால் பணம் திரும்பும் விதம் ஆகியவை வெளிப்படையாக இருக்க வேண்டும். முகவரிப் பட்டையில் தெரியும் பூட்டுச் சின்னத்தைப் பற்றி மாணவர்களுக்கு அவசியம் விளக்குங்கள். நாம் அனுப்பும் தகவலை வழியில் பிறர் படிக்க முடியாது என்பதே அதன் பொருள். விற்பவர் நேர்மையானவர் என்பதற்கு அது சான்று அல்ல. போலித் தளமும் பூட்டு வைத்துக்கொள்ளலாம். முன்பணம் கேட்டால், வேறு வழியில் கிடைத்த எண்ணில் பேசி உறுதி செய்த பிறகே அனுப்ப வேண்டும். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். இந்தச் செய்தி மாணவர் வழியாகப் பெற்றோரைச் சென்றடைவது முக்கியம்.

சோதித்துப் பார்த்தல்

தளம் நன்றாக இருக்கிறதா என்று அதைச் செய்தவரிடம் கேட்டுப் பயனில்லை. ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று நீல்சன் 2000-ஆம் ஆண்டில் எழுதினார். ‘இருவர் தங்கும் அறைக்கு என்ன வாடகை என்று கண்டுபிடியுங்கள்’ என்று ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, குறுக்கே பேசாமல் பார்க்க வேண்டும். அவர் தடுமாறும் இடமே திருத்த வேண்டிய இடம்.

வகுப்பறையில்

இதற்குக் கணினி கட்டாயமில்லை. நான்கு, ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் தெருக்கடை ஒன்றுக்குப் பெயர்ப்பலகையும் விலைப்பட்டியலும் தமிழில் எழுதலாம். உயர்நிலை வகுப்பினர் கைப்பேசித் திரை அளவுக்குத் தாள்களை வெட்டி, ஒவ்வொரு தாளையும் ஒரு பக்கமாக வரைந்து, பக்கத்துக் குழுவிடம் சோதிக்கலாம். மேல்நிலை மாணவர்கள் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் கற்கும் எச்டிஎம்எல் கொண்டு உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் அதையே உருவாக்கலாம். பயிற்சியில் குழந்தைகளின் படமோ குடும்பத்தாரின் உண்மையான எண்ணோ இடம்பெற வேண்டாம்.

1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009-இல் ஜோஹோ கார்ப்பரேஷன் எனப் பெயர் மாறிய நிறுவனம், 2011-இல் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. ‘ஜோஹோ டெஸ்க்’ என்ற வாடிக்கையாளர் சேவை மென்பொருள் இங்கே உருவானது. கல்லூரிக்குப் போகாத இளைஞர்களுக்குப் பயிற்சி தரும் ஜோஹோ ஸ்கூல்ஸில் வடிவமைப்புக்கும் தனிப் பிரிவு உண்டு. நம் மாணவர்கள் அந்தப் பயிற்சிக்குப் போகலாம், அல்லது சீசனில் தந்தையின் கடையையே கவனிக்கலாம். எதுவானாலும், எதிரில் இருப்பவருக்கு என்ன தெரிய வேண்டும் என்று யோசித்துத் தெளிவாக நான்கு வரி எழுதும் திறன் அவர்களுக்குத் தேவைப்படும். அடுத்த வாரம் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கி, அவர்கள் எழுதிய முதல் வரியை வாங்கிப் படித்துப் பாருங்கள்.