மாநாட்டு மேடை யாருக்கு?

தோழர்களே! ஒலிபெருக்கி யார் கையில் கொடுக்கப்படுகிறது என்பது சின்னச் சேதியா? அசோக் நகர்வாசிகளைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

2024 ஆகஸ்டில் அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியிலும் சைதாப்பேட்டை அரசுப் பள்ளியிலும் பேச ஒருவர் அழைத்து வரப்பட்டார். தன்னம்பிக்கை ஊட்டுவார் என்றார்கள். வந்தவரோ, உடற்குறையோடு பிறப்பதற்கு முற்பிறவிப் பாவமே காரணம் என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்! பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்தார், மறுத்தார், வாதாடினார். சேதி நாடெங்கும் பரவிற்று. பேசியவர் கைதானார். தலைமையாசிரியர்கள் இடம் மாற்றப்பட்டனர். பள்ளிகளில் நிகழ்ச்சி நடத்த விதிமுறை வகுக்கும்படி உத்தரவு பிறந்தது.

அந்த வழக்கை இங்கே அலச நாம் வரவில்லை. அது எழுப்பிய மூன்று கேள்விகள்தான் நமக்கு வேண்டும். மேடைக்கு அழைத்தவர் யார்? அழைக்கப்பட்டவர் யார்? வாய்மூடிக் கேட்கக் கட்டுப்பட்டவர் யார்? இந்த மூன்றையும் உள்ளாட்சி மாநாடுகளைப் பார்த்துக் கேட்கிறோம்.

பந்தல் உண்டு, தோரணம் உண்டு. வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை எல்லாம் உண்டு. அழைப்பிதழில் கொட்டை எழுத்தில் அமைச்சர் பெயர், அதற்கடுத்து அரசுச் செயலாளர், அதற்கடுத்து இயக்குநர். யாருக்காக மாநாடு கூட்டப்பட்டதோ அந்த ஊராட்சித் தலைவரும் மாமன்ற உறுப்பினரும் எங்கே? கீழே, பிளாஸ்டிக் நாற்காலியில். கைதட்டுவது அவர்கள் கடமை; உண்டு, குறிப்பேடு வாங்கிக்கொண்டு, ஊர் திரும்புவது அவர்கள் உரிமை!

டில்லியின் கதையும் இதுதான். அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்த நாளை 2010 முதல் தேசியப் பஞ்சாயத்து ராஜ் நாளாகக் கொண்டாடுகிறார்கள். 2018இல் மத்தியப் பிரதேசத்து மண்டலா, 2022இல் ஜம்முவில் பல்லி கிராமம், 2023இல் ரேவா, 2025இல் பீகாரின் மதுபனி என்று ஊர் மாறிற்று; மேடையின் நாயகர் மாறவில்லை. எல்லா இடத்திலும் பிரதமரே சிறப்புச் சொற்பொழிவாளர்.

2015ஆம் ஆண்டு அதே நாளில், தலைவியாகப் பெண் தேர்ந்தெடுக்கப்பட அவள் கணவன் ஆட்சி நடத்தும் வழக்கம் ஒழிய வேண்டும் என்று பிரதமர் டில்லியில் பேசினார். நல்ல கருத்து, மறுப்பாரில்லை. ஆனால், கணவனை விலக்கி வைத்துவிட்டுத் தானே கோப்பில் கையெழுத்திடும் தலைவி ஒருத்தியைச் சிறப்புரைக்கு நிறுத்தி அதைச் சொல்லவைத்திருந்தால், அந்தக் கருத்துக்கு எத்தனை மடங்கு வலு சேர்ந்திருக்கும்! பெண் பேச வேண்டும் என்பதையும் ஓர் ஆண்தானே பேசவேண்டியிருந்தது?

வரலாறு இதற்கு நேர்மாறாக அல்லவா வழி காட்டிற்று! வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1882 மே 18 அன்று, ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம் என்ன சொன்னது? ஸ்தல ஸ்தாபனங்களில் அதிகாரி உள்ளே அமர்ந்து ஆட்டிவைக்கக் கூடாது; வெளியே நின்று கண்காணித்தால் போதும்; மக்கள் ஆளப் பழகட்டும் என்றது. அந்த ரிப்பன் பெயரைத்தான் 1913இல் திறக்கப்பட்ட சென்னை மாநகராட்சி மாளிகை தாங்கி நிற்கிறது.

சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டு, 1948இல், மாகாணங்களின் உள்ளாட்சி அமைச்சர்கள் டில்லியில் மாநாடு கூடினார்கள். அங்கே பேசிய நேரு, மேல்தட்டில் உள்ள ஜனநாயகத்தை மட்டும் எண்ணிப் பழகிவிட்டோம், கீழே அஸ்திவாரம் இல்லாவிட்டால் மேல்மாடி நிலைக்காது என்ற பொருள்பட எச்சரித்தார். அஸ்திவாரத்தைப் பற்றி மேல்மாடிக்காரர்களே பேசிப் பேசி எத்தனை ஆண்டுகள் ஓடிவிட்டன! அஸ்திவாரம் பேசுவது எப்போது?

அப்படியானால் யார்தான் பேச வேண்டும் என்கிறீர்கள் என்று கேட்பார்கள். சொல்கிறோம்.

மதுரை மாவட்டம் மேலவளவு. தாழ்த்தப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்ட தலைவர் பதவிக்குத் துணிந்து நின்று வென்றார் முருகேசன். 1997 சூன் 30 அன்று, உடன் வந்தவர்களோடு சேர்த்து அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். நாற்காலியில் அமர்ந்ததற்கு அவர் கொடுத்த விலை உயிர்! அதே மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்கள். ஒதுக்கீட்டை ஏற்க மறுத்த ஆதிக்கத்தால் 1996 முதல் பத்தாண்டுகள் முறையான தேர்தலே நடத்த முடியவில்லை, 2006இல்தான் நடந்தது.

பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2020 ஆகஸ்டு 15. திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் ஊராட்சித் தலைவியைத் தேசியக் கொடி ஏற்ற விடவில்லை. சேதி வெளிவந்த பிறகு, ஐந்து நாள் கழித்து, மாவட்ட ஆட்சியர் நேரில் வந்து நிற்க, அவர் கொடி ஏற்றினார். அதே ஆண்டு அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சித் தலைவி, மற்றவர்கள் நாற்காலியில் இருக்கத் தரையில் அமர்ந்திருக்கும் படம் வெளியாகி நாட்டைத் தலைகுனியவைத்தது.

இவர்கள் பேசட்டும்! உள்ளாட்சி என்றால் என்ன என்று தரையில் அமர்த்தப்பட்டவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? எந்தச் சட்டப் பிரிவு ஊருக்குள் நுழைந்ததும் செத்துப்போகிறது, எந்த அதிகாரி புகார் மனுவைப் பெட்டிக்கு அடியில் வைக்கிறார், எந்தப் பட்டியல் பணமாகாமல் கிடக்கிறது என்று பத்தே நிமிடத்தில் சொல்லிவிடுவார்களே! அமைச்சரும் செயலாளரும் கீழே அமர்ந்து குறிப்பெடுக்கட்டும். அந்தக் காட்சிக்குப் பெயர்தான் உள்ளாட்சி மாநாடு.

இன்னொருவரும் பேச வேண்டும். விடியுமுன் தெருவில் நிற்கும் தூய்மைப் பணியாளர். 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்படுவதை எதிர்த்து, ரிப்பன் மாளிகை முன் 13 நாள் அமர்ந்தார்கள் அந்தத் தொழிலாளர்கள். பிறகு இரவோடு இரவாக அப்புறப்படுத்தப்பட்டார்கள். நகரைச் சுத்தமாக வைத்திருப்பது எப்படி என்று எத்தனையோ நிபுணர் பேசுகிறார். நகரைச் சுத்தமாக வைத்திருப்பவரோ நடைபாதையில் நின்று கத்த வேண்டியிருக்கிறது!

நிபுணரே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் அசோக் நகர்த் தெருக்களில் வெள்ளம் தேங்கியது. கால்வாயின் சரிவு என்ன, மழைநீர் வடிகாலின் கொள்ளளவு என்ன என்பதைப் பொறியாளர்தான் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். ஆனால் தண்ணீர் முதலில் எந்த மூலையில் ஏறிற்று, எந்தத் திறப்பு மண்மூடிக் கிடந்தது என்பது, வாளியால் வீட்டு நீரை இறைத்த தாய்க்கல்லவா தெரியும்? இருவரையும் ஒரே மேடையில் ஏற்றுங்கள். அதுதான் அறிவுள்ள ஏற்பாடு.

வெறும் மேடை நாகரிகம் அல்ல இது, தோழர்களே, உரிமைப் பிரச்சினை! தேர்ந்தெடுக்கப்பட்டவர் குரல் எவ்வளவு மலிவாக மதிக்கப்படுகிறது என்பதற்கு அத்தாட்சி வேண்டுமா? 2016 அக்டோபரில் தமிழ்நாட்டின் உள்ளாட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. ஊரகத்துக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல், அதுவும் ஒன்பது மாவட்டங்கள் நீங்கலாக. நகரங்களுக்கு 2022 பிப்ரவரி 19 வரை இல்லை. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சென்னை மாநகராட்சியில் ஒரு மாமன்ற உறுப்பினர் கிடையாது! 2019இல் வென்ற ஊரக உறுப்பினர்களின் காலம் 2025 சனவரி 5இல் முடிந்ததும், மறுபடி தனி அலுவலர் கைக்கே பொறுப்பு போயிற்று. மாநாட்டுக்கு அழைக்கப் பிரதிநிதியே இல்லாத காலத்தை இப்படி நாமே கண்டோம். மேடையிலும் அதிகாரி, கீழேயும் அதிகாரி. பிறகு உள்ளாட்சி ஏது?

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 1996 ஆகஸ்டில் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கினார்கள். பணம் கைக்கு வந்ததும் கிராம சபையில் பேச்சு தானே பிறந்தது. கையில் காசில்லாதவனை மேடையேற்றிப் பேசச் சொல்வதும் கேலிதான் என்பதை இது உணர்த்துகிறதல்லவா?

ஆகவே நாம் கேட்பது மூன்று. ஒன்று: ஆண்டு மாநாட்டின் நேரத்தில் பாதியேனும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினருக்கும், தூய்மைப் பணியாளர், குடிநீர் பணியாளர் போன்ற தொழிலாளருக்கும் ஒதுக்கப்பட வேண்டும். இரண்டு: அவர்கள் எழுப்பும் கேள்விகள் எழுத்தில் பதிவாக வேண்டும். மூன்று: மறு ஆண்டு மாநாட்டில், வரவேற்புரைக்கும் முன்னால், சென்ற ஆண்டின் கேள்விகளுக்கு என்ன செய்தோம் என்ற அறிக்கை படிக்கப்பட வேண்டும். பொன்னாடைச் செலவு கூட இதற்கு வேண்டாம்!

கேட்டால் தருவார்களா? கேட்கப் பழகினால்தான் தருவார்கள். பழகும் இடம் நம் வாசலிலேயே இருக்கிறது. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும் என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று, நகரங்களிலும் பகுதி சபைகள் கூட்டப்பட்டன. தோழர்களே! கூட்டம் அறிவிக்கப்பட்டால் வேலை முடிந்ததும் நேரே அங்கே செல்லுங்கள். பின் வரிசையில் நிற்காதீர்கள். தெரு விளக்கோ, குடிநீர்க் குழாயோ, கூலி பாக்கியோ, எழுந்து கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்து, படித்துப் பார்த்து, பிறகே கையெழுத்திடுங்கள். அந்தப் பக்கம் நிரம்ப நிரம்ப, மாநாட்டு மேடையின் நாற்காலிகள் தாமே இடம் மாறும்.