‘மிஸ்’ஸா, ‘டீச்சரா’? மூணு வயசிலேயே ஒட்டிக்கொள்ளும் அடையாளம்

மயிலாப்பூர் மாட வீதியில் பள்ளி நாள் ஒன்றில் காலை எட்டரை மணிக்கு நின்று பாருங்கள். வேனிலும், ஆட்டோவிலும், அப்பாவின் பைக் டேங்க் மேலுமாகக் குழந்தைகள் போய்க்கொண்டே இருப்பார்கள். மெட்ரிக் பள்ளிக் குழந்தைக்கு ஆசிரியை ‘மிஸ்’. மாநகராட்சிப் பள்ளியில் அதே ஆசிரியை ‘டீச்சர்’. போர்டில் ‘அங்கன்வாடி’ என்று எழுதியிருந்தாலும் பக்கத்துச் சந்துக் குழந்தை போவது ‘பால்வாடி’க்குத்தான். இந்த ஒரு சொல்லை வைத்தே அந்த வீட்டின் வசதியை நாம் கணக்குப் போட்டுவிடுவோம். குழந்தையும் போடுமா?

போடும். 1940-களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதி 3 முதல் 7 வயதுள்ள கறுப்பினக் குழந்தைகள் முன் வெள்ளை பொம்மையையும் கறுப்பு பொம்மையையும் வைத்தார்கள். ‘நல்ல பொம்மை எது?’ என்று கேட்டபோது பெரும்பாலான குழந்தைகள் வெள்ளையைக் காட்டினார்கள். ‘உன்னை மாதிரி இருப்பது எது?’ என்று கேட்டதும் சிலர் அழுதே விட்டார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1954-ல் அளித்த தீர்ப்பில் கிளார்க்கின் ஆய்வும் குறிப்பிடப்பட்டது.

அந்தக் குழந்தைகளை உட்காரவைத்து யாரும் இதைச் சொல்லித்தரவில்லை. நம் வீடுகளிலும் அப்படித்தான். “வெயில்ல ஆடாதே, கறுத்துடுவே.” “அந்தப் பசங்களோட சேராதே.” இதில் வரும் ‘அந்த’ என்ற சின்னச் சொல்தான் ஊர் உலகத்தை ‘நம்ம’, ‘அந்த’ என இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறது. அரிச்சுவடிக்கு முன்பே குழந்தை இதைப் படித்துவிடுகிறது.

அடையாறில் இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. ‘பஞ்சமர்’ என்று ஒதுக்கப்பட்டவர்களின் குழந்தைகளுக்காக, பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் 1894-ல் அங்கே ஓர் இலவசப் பள்ளி தொடங்கினார். 45 ஆண்டுகள் கழித்து, 1939-ல், அதே சபையின் அழைப்பில் மரியா மாண்டிசோரி அடையாறுக்கு வந்து சுமார் 300 பேருக்குப் பயிற்சி தந்தார். (மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும், பிரிட்டிஷ் அரசு அவரையும் ‘எதிரி நாட்டவர்’ ஆக்கியது. முத்திரை குத்துவது குழந்தைகளுக்கு மட்டும் நடப்பதில்லை.)

வேடிக்கை என்னவென்றால், மாண்டிசோரி தன் முறையை 1907-ல் ரோம் நகரின் சான் லோரென்சோ பகுதியில், வேலைக்குப் போகும் ஏழைகளின் குழந்தைகளை வைத்துத்தான் தொடங்கினார். இன்று தென்சென்னையில் ‘மாண்டிசோரி’ என்றாலே முதலில் நினைவுக்கு வருவது ஃபீஸ். 2019-ல் தமிழக அரசு 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியபோது, அந்த முறை கொஞ்சமாவது ஏழைக் குழந்தைகள் பக்கம் திரும்பியது.

அட்மிஷன் ஃபார்முக்கு வருவோம். மதம், சாதி, தாய்மொழி என்று குழந்தை கேட்டே இராத விஷயங்களுக்கு அதில் கட்டங்கள் இருக்கும். சாதி, மதக் கட்டங்களை நிரப்பாமல் விட 1973-லேயே தமிழக அரசாணை வழி செய்தது. 2000-ல் அதை இன்னொரு ஆணையும் உறுதிசெய்தது. ஆனால் விட்டுவிட எல்லோராலும் முடியாது. இட ஒதுக்கீட்டை நம்பியிருக்கும் வீட்டுக்கு அந்தக் கட்டம் பிள்ளையின் கல்லூரி சீட். வேண்டாம் என்று காலியாக விடுவதற்கும் ஒரு வசதி வேண்டியிருக்கிறது.

இந்தச் சுவரைக் கொஞ்சம் உடைக்க வந்தது கல்வி உரிமைச் சட்டம். 2010 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தச் சட்டத்தின்படி, தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களைச் சுற்றுவட்டாரத்து ஏழை, ஒடுக்கப்பட்ட குழந்தைகளுக்குத் தர வேண்டும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு விலக்கு உண்டு. தி.நகர் துணிக்கடையில் வேலை பார்ப்பவரின் மகளும், அந்தக் கடை முதலாளியின் பேரனும் ஒரே பெஞ்சில் உட்கார இப்போது சட்டப்படி வழி இருக்கிறது.

ஆனால் சட்டம் வகுப்பறையோடு நின்றுவிடும். பிறந்தநாள் பார்ட்டிக்கு யாரைக் கூப்பிடுவது என்று லிஸ்ட் போடுவது வீட்டுப் பெரியவர்கள். “அவ வேண்டாம்டா, இவன் போதும்” என்று அவர்கள் பெயர்களை அடிக்கும்போது, குழந்தை பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருக்கும்.