வீட்டிற்கேற்ற ஒலிக்கருவி

ஒரு வீட்டின் நிலையை முற்றத்தைப் பார்த்து அறிந்த காலம் போய், கூடத்தில் நிற்கும் ஒலிபெருக்கியைப் பார்த்து அறியுங் காலம் வந்துவிட்டது. பேசாலை, தாழ்வுபாடு, எருக்கலம்பிட்டி, தலைமன்னார் என்று மன்னார்த் தீவில் எவ்வூருக்குச் சென்றாலும், தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே ஏதேனுமொரு பாட்டுப்பெட்டி இருக்கக் காண்கிறோம். கடலிற் பாடுபட்டோ, கடல்கடந்து சென்று பாடுபட்டோ தேடிய பணத்தில் வாங்கியவை அவை. அப்பணம் வீண்போகலாகாது என்பதே நம் கவலை. பாட்டுக் கேட்பதற்கும் படம் பார்ப்பதற்கும் ஒரே கருவி போதுமா, போதுமெனில் அதனை எவ்வாறு தெரிந்தெடுப்பது என்பதை இங்கே ஆராய்வோம்.

ஒலியின் அருமை இப்பகுதியாருக்குப் புதிதன்று. கொழும்பில் 1925இலும் திருச்சியில் 1939இலும் வானொலி நிலையங்கள் தோன்றின. கடல்நீர் மின்னை நன்கு கடத்துவதால் மத்திய அலைகள் அதன்மேல் அதிகம் வலுவிழவாமற் செல்லும். ஆதலால் இக்கரையார் இரு நாட்டு நிகழ்ச்சிகளையும் கேட்டு மகிழ்ந்தனர். பின்னர், 1990ஆம் ஆண்டுகளின் போர்க்காலத்தில், மின்சாரமும் மின்கலமும் அற்றுப்போன வட பகுதியில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோ தந்த மின்னில் மற்றவர்கள் செய்தி கேட்டனர். அன்று அச்சிறு கருவியிடம் மக்கள் எதிர்பார்த்தது ஒன்றே: சொல் தெளிவாக விழவேண்டும். இன்று இலட்சம் கொடுத்து வாங்கும் கருவிக்கும் முதற் சோதனை அதுவே.

சொல்லே முதலில்

மனிதக் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹேட்ஸ் வரையுள்ள அதிர்வுகளைக் கேட்க வல்லது. பேச்சின் கனம் கீழ்ப்பகுதியில் இருப்பினும், மெய்யெழுத்துக்களின் தெளிவு பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹேட்ஸ் வரையுள்ள பகுதியையே பொறுத்தது. வாலை, வாளை, வாழை என்னும் மூன்றையும் மயக்கமின்றிக் காட்டும் கருவியே தமிழர் வீட்டிற்குத் தக்கது. முதுமையிற் செவிப்புலன் குன்றும்போது முதலில் மங்குவதும் மேற்பகுதி ஒலிகளே. சுவர் அதிரும் பெட்டியொன்றை வாங்கி வைத்துவிட்டு, அப்பாச்சியை ‘இப்ப என்ன சொன்னவன்?’ என்று படம் முடியும்வரை கேட்டுக்கொண்டிருக்கச் செய்வது முறையாகாது.

இசை வேறு, படம் வேறு

இசைக்கு இரண்டு ஒலிபெருக்கிகள் போதும். ஆங்கிலேயப் பொறியியலாளர் அலன் புளூம்லைன் 1931இல் காப்புரிமை கோரிய இரட்டைத் தட முறையே இன்றும் இசைப்பதிவின் அடிப்படையாக விளங்குகின்றது. 1950, 60ஆம் ஆண்டுகளின் தமிழ்த் திரைப்பாடல்களோ பெரும்பாலும் ஒற்றைத் தடத்திற் பதிவானவை. அவற்றை ஐந்து பெட்டிகளிற் கேட்டாலும் புதிதாக ஒன்றும் பிறவாது.

படத்தின் கதை வேறு. 1992 முதல் திரையரங்குகளிற் பரவிய டொல்பி டிஜிட்டல் முறையில், ஐந்து திசைகளுக்கு ஐந்து தடங்களும் தாழ்ந்த முழக்கத்திற்கென ஒரு தடமும் உண்டு. இதனையே 5.1 என்பர். உரையாடல் பெரும்பாலும் நடுத்தடத்தில் வரும். இரண்டே பெட்டிகள் உள்ளவர்கள் தொலைக்காட்சியின் ஒலியமைப்பில் ‘ஸ்டீரியோ’ அல்லது ‘பி.சி.எம்.’ என்பதைத் தெரிந்தால், நடுத்தடம் இரு பெட்டிகளிலும் பகிர்ந்து ஒலிக்கும். இதற்குச் சல்லிக் காசு செலவில்லை.

ஆகவே, கையிற் பணம் அளவாக உள்ள குடும்பத்தார் ஐந்தாறு மலிவான பெட்டிகளை வாங்குவதினும், அதே விலைக்கு இரண்டு தரமான பெட்டிகளும் ஓர் அம்பிளிபயரும் வாங்குதல் நன்று. இசைக்கும் படத்திற்கும் அவை ஒருங்கே உதவும். படமே பெரிதென்போரும் இடவசதி குறைந்தோரும் சவுண்ட்பார் வாங்கலாம். அதில் நடு ஒலிபெருக்கி தனியாக உண்டா என்று பார்த்தல் வேண்டும். புளூடூத் இணைப்பு பாட்டிற்குப் போதும். படத்திலோ வாயசைவு முந்த, சொல் பிந்தும். அதற்குக் கம்பியே நலம்.

எண்ணைக் கண்டு மயங்கற்க

பெட்டியின்மேல் ஆயிரம் வாட் என்று பொறித்திருக்கக் கண்டு மயங்குவோர் பலர். ‘பி.எம்.பி.ஓ.’ என்ற குறியுடன் வரும் எண், கணப்பொழுது உச்சத்தைப் பெருக்கிக் காட்டும் வியாபாரக் கணக்கு. ‘ஆர்.எம்.எஸ்.’ என்ற குறியுடன் வருவதே தொடர்ந்து தரக்கூடிய வலு. வாட் இரட்டித்தால் ஒலி 3 டெசிபெல் மாத்திரமே உயரும். இருமடங்கு உரப்பாகத் தோன்றுவதற்கு ஏறத்தாழப் பத்து மடங்கு வாட் வேண்டும். 12 அடிச் சதுர அறைக்குப் பெட்டியொன்றுக்கு 20, 30 வாட் தாராளம்.

கடைக்குச் செல்லும்போது நன்கு பழகிய பதிவுகள் சிலவற்றைக் கைபேசியிற் கொண்டு செல்லுங்கள். திருக்கேதீச்சரத் திருவிழாவில் தவில் கேட்ட காதுக்கு, தொப்பியில் விழும் கழியின் அடியும் வலந்தலையில் விழும் விரற்கூட்டின் அடியும் வேறு வேறெனத் தெரியும். இரண்டையும் குழைத்து ‘டும்’ என்று முழங்கும் பெட்டி வேண்டாம். நாட்டுக்கூத்து, வாசாப்புப் பதிவுகளை வைத்திருப்போர், பாடுவோர் குரல் மத்தளத்துள் அமிழாதிருக்கின்றதா என்று நோக்கலாம்.

வீடும் கடற்காற்றும்

நல்ல கருவியும் கெட்ட அறையிற் கெடும். வெறுஞ் சீமெந்துச் சுவரும் தரையும் ஒலியைத் திருப்பியெறிந்து சொல்லைக் குழப்பும். தடித்த திரைச்சீலையும், மெத்தையிட்ட கதிரையும், புத்தகம் நிறைந்த அலுமாரியும் இதற்கு மருந்து. பெட்டிகள் இரண்டும் கேட்போர் இருக்கையும் சமபக்க முக்கோணமாக அமைதல் வேண்டும். பெட்டிகள் காதின் உயரத்தில் நிற்றல் வேண்டும். சுவரின் மூலையிற் பெட்டியை ஒட்டி வைத்தால் தாழ்ந்த முழக்கம் மிகுந்து பேச்சை மூடும்.

நம் கரையின் தனிப்பகை உப்புக்காற்று. செப்புக் கம்பியின் முனைகள் பச்சை பூத்து இணைப்பைக் கெடுக்கும். ஆண்டில் இருமுறையேனும் முனைகளைத் துடைத்து இறுக்குதல் நன்று. ஒலிபெருக்கியின் கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு நுரைப்பஞ்சினும் இரப்பராக இருப்பின் நீண்டநாள் உழைக்கும். கடலை நோக்கிய யன்னலுக்கு நேரே கருவியை வைக்கலாகாது.

வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் கருவிகளிலும் கவனம் வேண்டும். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ற். கனடாவில் 120, ஜப்பானில் 100. பின்புறத்தில் ‘100–240’ என்று பொறித்திருந்தால் அச்சமில்லை. இன்றேல் மின்மாற்றியின்றிச் செருகினால், மாமன் ஆசையோடு அனுப்பிய பெட்டி ஒரு நொடியிற் புகைந்துபோம். ஐப்பசி, கார்த்திகை இடிமழைக் காலத்தில், மின்செருகியையும் அன்ரனாக் கம்பியையும் முன்னதாகவே கழற்றிவிடுதல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. வாரத்திற்கு 40 மணி நேரம் வரை 80 டெசிபெல் ஒலியே செவிக்குத் தீங்கற்ற எல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. எல்லை கடந்து சிதைந்த உட்செவி நரம்பணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை. ஆதலால் சிறுவர் கையில் ஒலியைக் கூட்டும் பொறுப்பை விடலாகாது. கோவில் மணியும் தேவாலய மணியும் பள்ளிவாசற் பாங்கும் ஒரே காற்றில் கலந்துவரும் ஊர் நம் ஊர். வேலிக்கு அப்பால் க.பொ.த. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் இருக்கக்கூடும். நம் வீட்டுப் பாட்டு நம் வீட்டளவில் நிற்க, அதிலே ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விளங்குமாயின், அக்கருவி சிறிதாயினும் நாம் கொடுத்த விலை தகும்.