பயண அட்டை: கார்டில் இருப்பதும் நம்ம காசுதான்!



பாகூர், வில்லியனூர், திருக்கனூர் என்று எந்தப் பக்கத்துக் குழுவாக இருந்தாலும், ஆஸ்பத்திரிக்கோ, கோர்ட் வேலைக்கோ, கண்காட்சியில் பொருள் விற்கவோ நம்மில் பலர் சென்னைக்குப் போய் வருகிறோம். அங்கே பஸ்ஸிலும் மெட்ரோ ரயிலிலும் சிலர் காசு கொடுக்காமல் ஒரு கார்டைக் காட்டிவிட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அது என்ன, நமக்குப் பயன்படுமா என்று தெரிந்துகொள்வோம்.

அது என்ன கார்டு?

அதன் பெயர் 'சிங்காரச் சென்னை' அட்டை. சென்னை மெட்ரோ நிறுவனமும் பாரத ஸ்டேட் வங்கியும் சேர்ந்து 2023 ஏப்ரலில் இதைக் கொண்டுவந்தன. 2025 ஜனவரி முதல் சென்னை மாநகரப் பேருந்துகளிலும் செல்லும். 2019ல் மத்திய அரசு தொடங்கிய தேசியப் பொதுப் பயண அட்டைத் திட்டத்தைச் சேர்ந்தது. அதனால் டெல்லி, பெங்களூரு மெட்ரோவிலும் இதையே பயன்படுத்தலாம்.

எப்படி வேலை செய்கிறது?

கார்டுக்குள் சிறிய சிப்பும், மெல்லிய கம்பிச் சுருளும் இருக்கின்றன. பேட்டரி கிடையாது. மெஷின் பக்கத்தில் கொண்டுபோனதும், மெஷினில் இருந்து வரும் அலையே சிப்புக்கு மின்சாரம் தருகிறது. உடனே கணக்குப் பார்த்துப் பணத்தைக் கழித்துக்கொள்கிறது. பயணத்துக்கான பணம் சிப்பிலேயே இருப்பதால் நெட்வொர்க் கிடைக்காத இடத்திலும் வேலை செய்யும்.

மெட்ரோவில் உள்ளே போகும்போது கேட்டில் கார்டை வைத்தால், எந்த ஸ்டேஷனில் ஏறினோம் என்று சிப்பில் பதிவாகும். வெளியே வரும்போது மறுபடி வைத்தால், தூரத்துக்கு ஏற்ற கட்டணம் கழியும். கார்டில் போனால் 20 சதவீதம் தள்ளுபடி உண்டு. 40 ரூபாய் டிக்கெட்டுக்கு 32 ரூபாய்தான். ஒரு கார்டில் ஒருவர்தான் போக முடியும். தோழிக்கும் சேர்த்து வைக்க முடியாது.

பஸ்ஸில் எப்போதும்போல இறங்கும் இடத்தை நடத்துனரிடம் சொல்ல வேண்டும். அவர் கையில் உள்ள மெஷினில் கார்டை வைத்ததும் டிக்கெட் வரும். சில்லறைத் தகராறு இல்லை.

ஒன்று மறக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஏறும்போதே "லேடீஸ் ஃப்ரீ பஸ்ஸா?" என்று கேளுங்கள். அதில் கார்டுக்கு வேலையே இல்லை.

புதுச்சேரியில் இருந்து சென்னை வரைக்குமான பஸ்ஸுக்கு இந்தக் கார்டை நம்பி ஏறாதீர்கள். கையில் காசு இருக்கட்டும்.

பணம் பத்திரமா?

இதுதான் முக்கியமான கேள்வி. பேங்க் பாஸ்புக்கில் இருக்கும் பணம் வேறு, இந்தச் சிப்பில் இருக்கும் பணம் வேறு. சிப்பில் இருப்பது சுருக்குப்பையில் இருக்கும் காசு மாதிரி. பயணத்துக்கு ரகசிய எண் கேட்பதில்லை. கார்டு தொலைந்தால் எடுத்தவர் அதில் பயணம் செய்துவிடலாம். அந்தப் பணம் திரும்ப வரும் என்று இருக்க முடியாது. சிப்பில் 2,000 ரூபாய் வரை வைக்கலாம் என்றாலும், அந்தப் பயணத்துக்குத் தேவையான நூறு, இருநூறு போதும்.

• மெட்ரோ ஸ்டேஷன் கவுண்டரில் பணம் ஏற்றினால், கார்டில் ஏறிவிட்டதா என்று அங்கேயே கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

• பிள்ளைகள் செல்போனில் பணம் போட்டால் அது உடனே சிப்புக்கு வந்துவிடாது. ஸ்டேஷனில் உள்ள மெஷினில் கார்டை ஒருமுறை வைத்த பிறகுதான் சேரும். இது தெரியாமல் "பணம் போச்சு" என்று பயப்பட வேண்டாம்.

• "கார்டு பிளாக் ஆகிவிட்டது, ஓடிபி சொல்லுங்கள்" என்று போன் வந்தால் சொல்லவே கூடாது. அது ஏமாற்று வேலை.

குழு கணக்கு எழுதுவோர் கவனத்துக்கு

கூட்டமைப்பு வேலையாக மெட்ரோவில் கார்டில் போனால் கையில் டிக்கெட் இருக்காது. வவுச்சருக்கு என்ன வைப்பது? தேதி, ஏறிய ஸ்டேஷன், இறங்கிய ஸ்டேஷன், கழிந்த தொகை நான்கையும் வெளியே வந்ததுமே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கேட்டிலேயே தொகையும் மீதியும் தெரியும். குழுப் பணத்தை ஒருவருடைய சொந்தக் கார்டில் ஏற்றி வைப்பது வேண்டாம். அவரவர் கார்டில் போய்விட்டு, பிறகு பயணப்படியாக வாங்கிக்கொள்வதே சரி. இல்லையென்றால் எது குழுப் பணம், எது சொந்தப் பணம் என்பதில் மனஸ்தாபம் வரும்.

எல்லோரும் வாங்க வேண்டுமா?

மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை சென்னை போகிறவர்களுக்கு லாபம். மெட்ரோ ஸ்டேஷன் கவுண்டரில் அடையாளச் சான்றும் செல்போனும் கொண்டுபோய் வாங்கலாம். வருஷத்துக்கு ஒருமுறை போகிறவர்களுக்குத் தேவையில்லை; கவுண்டரில் காசு கொடுத்து டிக்கெட் எடுத்தாலே போதும். கார்டு இல்லை என்று யாரும் நம்மை இறக்கிவிட மாட்டார்கள்.

அடுத்த மாதக் கூட்டத்தில் ஊக்குநர்கள் இதைப் படித்துக் காட்டுங்கள். கார்டு வைத்திருக்கும் உறுப்பினர் யாராவது இருந்தால் எடுத்துவரச் சொல்லி, எல்லோரும் கையில் வாங்கிப் பாருங்கள். பார்த்துப் பழகினால் பயம் போய்விடும்.