குளிர்காலத்தில் வீட்டு அடித்தளம் இடுதல்

குளிர்காலத்தில் அடித்தளம் இடுதல் என்பது கனடா, ஐக்கிய அமெரிக்காவின் வட மாநிலங்கள் போன்ற, நிலம் உறையும் பகுதிகளில் வீடு கட்டுவோர் எதிர்கொள்ளும் ஒரு கட்டுமானச் சிக்கல் ஆகும். இலையுதிர் காலத்தின் இறுதியில் மனை கைக்கு வந்தால், உடனே தோண்டுவதா அல்லது இளவேனில் வரை பொறுப்பதா என்பதே கேள்வி. குளிரில் கான்கிரீட் (பைஞ்சுதை) இறுகுமா என்றே பலரும் கவலைப்படுவர். ஆனால் அதைவிடப் பெரிய ஆபத்து, இட்டு முடித்த அடித்தளத்தை வெப்பமின்றித் திறந்தபடி விட்டுவைப்பதில் உள்ளது.

கான்கிரீட்டும் குளிரும்

கான்கிரீட் உலர்ந்து இறுகுவதில்லை. சிமெண்டும் நீரும் வேதிவினை புரிவதாலேயே இறுகுகிறது. வெப்பநிலை குறையக் குறைய இவ்வினை மந்தமாகும். இறுகுமுன் உள்ளிருக்கும் நீர் உறைந்தால், அது ஏறத்தாழ 9% விரிந்து கான்கிரீட்டை நிலையாக வலுவிழக்கச் செய்யும். சுமார் 3.5 மெகாபாஸ்கல் வலிமையை எட்டிய பின்னர் ஒருமுறை உறைவதைக் கான்கிரீட் தாங்கிக்கொள்ளும். நல்ல கலவை 10 °செ வெப்பநிலையில் இரண்டாம் நாளில் இந்நிலையை அடையும். ஆகவே ஊற்றும் நாளின் வானிலையை மட்டுமன்றி அடுத்து வரும் இரவுகளின் வானிலையையும் பார்த்தல் வேண்டும்.

வெந்நீரில் கலத்தல், வெப்பக்காப்புப் போர்வைகளால் மூடுதல், கூடாரமிட்டுச் சூடேற்றுதல் ஆகியன வழக்கமான முறைகள். புகையை வெளியேற்றாத சூடேற்றிகள் மேற்பரப்பைத் தூள்தூளாக உதிரச் செய்வதோடு, தொழிலாளரின் உயிருக்கும் ஆபத்தானவை. விரைவில் இறுகுவதற்காகச் சேர்க்கப்படும் கால்சியம் குளோரைடு உள்ளிருக்கும் இரும்புக் கம்பிகளை அரிக்கும். உறைந்த மண்ணின் மீது எந்நிலையிலும் கான்கிரீட் இடலாகாது. பின்னர் மண் இளகும்போது அடித்தளம் சீரின்றி அமிழும்.

மண்ணின் உந்தல்

வண்டல் போன்ற நுண்மண் உறையும்போது, கீழிருந்து நீரை ஈர்த்துப் பனிக்கட்டிப் படலங்களாக வளர்ந்து, மேலுள்ளதைத் தூக்கும். அதனால் சுவரின் அகன்ற அடிப்பகுதியை (அடிமானம்) உறைபனி எட்டாத ஆழத்தில் அமைப்பர். மினசோட்டாவின் கட்டட விதி மாநிலத்தின் தென்பகுதிக்கு 42 அங்குலமும் வடபகுதிக்கு 60 அங்குலமும் குறிக்கிறது.

நிலவறையுள்ள வீட்டில் அடிமானம் இதைவிட ஆழமாகவே இருக்கும். எனவே கவலையில்லை எனத் தோன்றலாம். அது தவறு. தோண்டிய குழிக்குள் குளிர்காற்று இறங்கும்போது, ஆழத்தை வெளியிலுள்ள தரையிலிருந்து அல்ல, குழியின் தரையிலிருந்தே கணக்கிட வேண்டும். அங்கே அடிமானத்தை மூடியிருப்பது சில அங்குல மண்ணே, சில வேளைகளில் அதுவும் இராது. வெப்பமூட்டப்படாத நிலவறையில் அடிமானத்தின் கீழுள்ள மண் உறைந்து அதனைத் தூக்க, சுவர் வெடிக்கிறது. மேல்தளம் அமையுமுன் வெளிப்புறம் மண் நிரப்பினாலும் சுவர் உட்புறம் வளையக்கூடும்.

காலத் தேர்வு

கடுங்குளிருக்கு முன் மேல்தளம் வரை கட்டி, நிலவறையை அடைத்துச் சூடேற்ற இயலுமாயின் தொடங்கலாம். இயலாதெனில் தோண்டாமல் காத்திருப்பதே மேல். பணி இடையில் நின்றுவிட்டால், அடிமானத்தின் இருபுறமும் வைக்கோல் அல்லது காப்புப் போர்வையிட்டு, நீர் தேங்காமல் வடித்து, இயன்றவரை சூடேற்றுதல் வேண்டும். இச்செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது. பிணக்குகள் பெரும்பாலும் இங்கேதான் எழும்.

காத்திருப்போரும் பனி உருகியவுடன் தொடங்கிவிட முடிவதில்லை. மண் சேறாகிவிடும். ஒன்டாரியோவில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் பல சாலைகளில் சுமை வரம்பு குறைக்கப்படுவதால், கான்கிரீட் வண்டிகள் முழுச் சுமையுடன் வர இயலாது. அத்தகைய இடங்களில் இளவேனில் தொடக்கம் என்பது நடைமுறையில் மே மாதமே.