கடிகார மாற்றமும் குடியானவர் பொழுதும்

கோடைகாலத்தில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைக்கும் வழக்கம் மேல்நாடுகள் பலவற்றில் உண்டு. இது குடியானவர்களின் நன்மைக்காக ஏற்பட்டதென்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. இவ்வழக்கம் தோன்றிய விதத்தையும், நம் நாட்டில் அது சில காலம் நடைபெற்றதையும், ஜவ்வாது மலை விவசாயிகள் இதிலிருந்து அறியத் தக்கதையும் இங்கே கூறுவோம்.

நியூஜீலாந்தில் தபால் இலாகாவில் வேலை பார்த்த ஜார்ஜ் ஹட்ஸன் என்பவர், ஓய்வு வேளையில் பூச்சிகளைச் சேகரித்து ஆராய்ந்து வந்தார். மாலையில் வெளிச்சம் மிகுதியாகக் கிடைக்கும்படி கோடையில் கடிகாரத்தை இரண்டு மணி முன்னே வைக்கலாமென்று 1895-இல் அவர் யோசனை கூறினார். 1907-இல் லண்டனில் கட்டட வேலை நடத்திவந்த வில்லியம் வில்லெட் இதுபோன்ற ஒரு திட்டத்தை வெளியிட்டார். விடிந்த பின்னும் உறங்கி, இரவில் விளக்கெரிப்பது வீண் என்பது அவர் வாதம். அது சட்டமாகுமுன் 1915-இல் அவர் காலமானார். மறு வருஷமே, யுத்த காலத்தில் எரிபொருளை மிச்சப்படுத்தும் பொருட்டு, ஜெர்மனி ஏப்ரல் 30-ந் தேதியும், பிரிட்டன் மே 21-ந் தேதியும் இம்மாற்றத்தைக் கைக்கொண்டன.

குடியானவர்களோ இதை எதிர்த்தனர். 1918-இல் அமெரிக்காவில் இது சட்டமானபோது, பனி உலருமுன் அறுப்பு வேலை தொடங்க முடியவில்லை. கூலியாட்களோ கடிகாரப்படி வீடு திரும்பினர். பசுவும் பழகிய வேளையிலேயே பால் கொடுத்தது. 1919-இல், ஜனாதிபதி வில்ஸனின் மறுப்பையும் மீறி, அந்நாட்டுச் சட்டசபை அதை ரத்து செய்தது.

இனி நம் நாட்டைக் கவனிப்போம். சென்னை வானசாஸ்திரசாலை கணித்த சென்னை நேரமே வெகுகாலம் ரயில்வேக்களுக்கு ஆதாரமாயிருந்தது. 1906 ஜனவரி 1 முதல், அதற்குச் சுமார் 9 நிமிஷம் முந்திய இந்தியப் பொது நேரம் ஏற்பட்டது. இரண்டாம் மகா யுத்தத்தின்போது 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் வரை அது ஒரு மணி முன்னே தள்ளப்பட்டது. இலங்கையில் 1996-இல் மின்சாரத்தை மிச்சப்படுத்த முன்னே தள்ளிய கடிகாரம், 2006-இல் பழைய நிலைக்குத் திரும்பியது.

இம்மாற்றம் நமக்கு ஏன் பொருந்தாது? லண்டனில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்பது மணி. நம் மலையிலோ சுமார் ஒன்றரை மணியே. சேமிப்பதற்கு இங்கே மிகுதியான பகல் இல்லை.

மேலும், நம் கடிகாரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையைத் தழுவியது. நம் மலை அதற்கு மேற்கே இருப்பதால், இங்கே உச்சிப்பொழுது சராசரியில் 12 மணி 15 நிமிஷத்திற்கே வருகிறது. பிப்ரவரி நடுவில் அது 12-29 வரை செல்லும். நவம்பர் தொடக்கத்தில் 12-க்குச் சற்று முன்னரே வந்துவிடும். சமதரையில் ஒரு கழியை நேராக நட்டு, அதன் நிழல் மிகக் குறுகும் வேளையைக் குறித்தால், யாவரும் இதைக் காணலாம். சென்னை வானசாஸ்திரசாலையின் மரபில் வந்த ஸ்தாபனத்தின் தொலைநோக்கிகள் இன்று நம் காவலூரிலேயே நிற்பது குறிப்பிடத்தக்கது.

ஆகவே, சாமை அறுப்புக்கு ஆள் அமர்த்தும்போது, "காலை இத்தனை மணிக்கு" என்று பேசுவதைவிட, பனி உலர்ந்தபின் இத்தனை மணி நேர வேலை என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது நலம். ஈரக் கதிரை அடித்துச் சேர்த்தால் தானியத்தில் பூஞ்சணம் பிடிக்கும். ஆட்களை வீணே காத்திருக்கச் செய்தால் கூலியைப் பற்றிய சச்சரவு வரும். கிராம அதிகாரிகளும் அறுப்புக் காலத்தில் கூட்டங்களைப் பனி உலருமுன் வைத்து முடித்தால், குடியானவர்களுக்கு வேலை கெடாது. கச்சேரிக்குக் கடிகாரத்தைப் பின்பற்றுவோம். கழனிக்குச் சூரியனையே பின்பற்றுவோமாக.